உங்களுக்குத் தெரியுமா? குண்டின் வேகத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் நிழல்!

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவோர் பலர் தோட்டாவுக்குத் தாங்களே மருந்து நிரப்பி, குண்டின் வேகத்தை குரோனோகிராஃப் என்ற கருவியில் சோதிப்பார்கள். ஒளியால் இயங்கும் வகையில், குண்டின் நிழல் முதல் உணரியில் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். எண்கள் தாறுமாறாக வந்தால், முதலில் கவனிக்க வேண்டியவை:

● இடைவெளி: விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் பாயும் குண்டு, உணரிகளுக்கு இடையிலுள்ள 60 செ.மீ. தூரத்தைக் கடக்க விநாடியில் 1,500-இல் ஒரு பங்கே ஆகும். இடைவெளி 6 மி.மீ. பிசகினாலே வேகத்தில் விநாடிக்கு 9 மீட்டர் தவறு!

● தூரம்: துப்பாக்கி முனைக்கு மிக அருகில் வைத்தால், சீறிவரும் வாயுவும் எரியாத மருந்துத் துகளும் உணரியைத் தூண்டிவிடும். 3 முதல் 5 மீட்டர் தள்ளி வைப்பது நல்லது.

● வெளிச்சம்: சாய்வெயில் குண்டில் பட்டு மின்னினால் நிழல் தெளிவாக விழாது. உணரிக்கு மேல் வெள்ளைத் திரை கட்டினால் ஒளி சீராகும். டியூப்லைட்டின் துடிப்பும் ஏமாற்றும்.

● பேட்டரி: சார்ஜ் குறைந்தாலும் எண் பிறழும்.

சந்தேகமா? ஆலையில் தயாரான .22 தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். அவற்றின் எண்களும் தாறுமாறாக வந்தால், கோளாறு பெரும்பாலும் கருவியில்தான். வேகம் குறைவாகக் காட்டுகிறதே என்று மருந்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள். அழுத்தம் எல்லை மீறினால் துப்பாக்கியே வெடித்துவிடும்!