மன அழுத்தம் உடலை என்ன செய்கிறது?

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்டவாளம் ஒரே ஒரு பெருஞ்சுமையால் முறிவது அபூர்வம். தாங்கக்கூடிய சுமையே ஓயாமல் ஏறி இறங்கினால் உள்ளே மயிரிழை விரிசல் கண்டு, ஒருநாள் முறியும்.

மன அழுத்தமும் அப்படித்தான். செம்பூரில் லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வண்டி கிடைத்ததும் சிறிது நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும். இதனால் தீங்கில்லை. கவலை மாதக்கணக்கில் நீடித்தால்தான் தொல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயரலாம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையும் தளரும்.

மாண்ட்ரியலில் ஹான்ஸ் செலியே 1936-இல் எலிகளை ஆராய்ந்தார். குளிர், காயம், நஞ்சு என எதனால் துன்புற்றாலும் அவற்றின் அட்ரினல் பருத்தது. நோய் எதிர்ப்புக்கு அடிப்படை எனப் பின்னாளில் தெரியவந்த தைமஸ் சுரப்பி சுருங்கியது. அமெரிக்காவின் ஒஹையோவில் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்த 13 பெண்களுக்குச் சிறு காயம் ஆற, அப்பொறுப்பு இல்லாத 13 பெண்களைவிட ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாயின.

மாதுங்காவிலும் தாராவியிலும் சிறிய வீட்டில் முதியோர், குழந்தைகள், வேலை என அனைத்தையும் சுமக்கும் நம் பெண்களை எண்ணிப் பாருங்கள். ஊரிலென்றால் அத்தையோ சித்தியோ கைகொடுப்பார்கள். இங்கே "கவலைப்படாதே" என்று சொன்னால் போதாது. வாரத்தில் இரண்டு மாலையாவது அந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்கட்டும். அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். ஓய்வு கொடுத்தாலும் இரும்பின் விரிசல் மூடாது. உடலோ பெருமளவு தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும். அதற்கு நாம் அவகாசம் தரவேண்டும்.