எலிவேட்டர் பின்னால் உருளாமல் இருக்க

மதுராந்தகம், செங்கல்பட்டு ரைஸ் மில்களில் சரக்கெடுக்கும் வியாபாரப் பெருமக்கள் அங்குள்ள எலிவேட்டரைப் பார்த்திருப்பீர்கள். பெல்ட்டில் பொருத்திய வாளிகள் நெல்லை 20, 30 அடி உயரத்துக்கு அள்ளிச் செல்லும். நடுவில் கரண்ட் போனால்? ஏறும் பக்கம் நெல் பாரம், இறங்கும் பக்கம் காலி. பெல்ட் பின்னோக்கி உருண்டுவிடும். நெல் அடிப்பெட்டியில் கொட்டி அடைத்துக்கொள்ளும்; வாளி நசுங்கும்; பெல்ட்டே அறுந்தாலும் அறும். அரவை நின்றால் நமக்கு மூட்டை வருவதும் தள்ளித்தான் போகும்.

இதைத் தடுப்பது ஒருவழி கிளட்ச். நம் கடை சைக்கிளின் ஃப்ரீவீலுக்கு இது உறவுக்காரன். இரண்டு வளையங்களுக்கு நடுவே, ஒருபுறம் குறுகும் இடுக்குகளில் சிறு உருளைகள் இருக்கும். தண்டு முன்னோக்கிச் சுற்றினால் அவை தளர்ந்து வழிவிடும். பின்னோக்கித் திரும்பினால் ஆப்புப் போல இறுகிப் பூட்டிக்கொள்ளும். மேல் டிரம்மின் தண்டில் இதை மாட்டி, வெளிவளையத்தைச் சட்டத்தோடு பிணைக்கிறார்கள்.

சொந்தமாக மில் வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைன் வேலை நடந்த பிறகோ, மோட்டாருக்குக் காயில் கட்டிய பிறகோ இரண்டு பேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும்; கிளட்ச் விடாது. இரண்டில் ஒன்று போய்விடும். ஆகவே மோட்டாரைத் தனியாகக் கழற்றி ஒரு நொடி ஓட்டி, திசை பார்த்த பிறகே இணைக்கவும். கிராஃபைட், மாலிப்டினம் கலந்த எண்ணெயும் இதற்கு ஆகாது; வழுக்கினால் பிடிமானம் போச்சு.

அடைப்பு எடுக்கும்போது கிளட்ச் இருக்கிறதே என்று யாரும் கைவிட வேண்டாம். மெயினை அணைத்து, பெல்ட்டைக் கட்டி நிறுத்திய பிறகே ஆளை இறக்குங்கள்.