மூட் வரும்வரை காத்திருக்காதீர்கள், தேதி குறியுங்கள்!

“எழுதணும்னு ஆசை நிறைய இருக்குக்கா. மூட்தான் வரமாட்டேங்குது.”

வானொலி அறிவிப்பாளர் வேலையில் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் பள்ளி ஆண்டு மலரில் கவிதை எழுதியவர்கள், பல்கலைக்கழகத்தில் சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள். வேலைக்கு வந்த பிறகு எழுத்து நின்றுவிட்டது. காலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல், மாலையில் அதே நெரிசல், வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இதில் கதைக்கு எங்கே இடம்?

எங்கள் கலையகத்தில் மூடுக்கு வேலையே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் பேசியாக வேண்டும். தலைவலியோ மனவருத்தமோ, நேயர்களுக்கு அது தேவையில்லை. நிகழ்ச்சிக்கு எழுதவேண்டியதை நான் தினமும் எழுதிவிடுகிறேன். சொந்தக் கதை என்று உட்கார்ந்தால் மட்டும் ஒரு பத்திக்கு ஒரு மாதம் ஆகிறது. இரண்டையும் எழுதுவது ஒரே ஆள்தான். நிகழ்ச்சிக்காக யாரோ ஒருவர் காத்திருக்கிறார், கதைக்காக யாரும் காத்திருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் நாட்டுத் தமிழ் இலக்கியத்தின் கதையைப் புரட்டினால் இது எனக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிகிறது.

நாளிதழில் ஒரு வகுப்பு

1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எப்படி அமைய வேண்டும் என்று பத்திரிகையிலேயே பாடம் நடந்தது. அதைப் படித்து எழுதிப் பழகியவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அடுத்து 1952இல் தமிழ் நேசனுக்கு ஆசிரியராகத் தமிழகத்திலிருந்து வந்தார் கு. அழகிரிசாமி. 1957 வரை இங்கிருந்த அவர், கோலாலம்பூரில் ‘இலக்கிய வட்டம்’ நடத்தி, எழுதுகிறவர்களைக் கூட்டிவைத்துப் பேசவைத்தார்.

எழுபதுகளில் முருகு சுப்பிரமணியன் காலத்தில் அதே நேசன், நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. 1977இல் ஆதி குமணன் தொடங்கிய ‘வானம்பாடி’ வார இதழ் புதுக்கவிதைக்கு வாசல் திறந்துவிட்டது. எண்பதுகளில் வந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் ‘பேரவைக் கதைகள்’ போட்டி எத்தனையோ மாணவர்களை முதல் கதை எழுத வைத்தது.

எழுதியவர்களில் பலர் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எழுத்தால் யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனாலும் எழுதினார்கள். அனுப்ப ஒரு முகவரியும், அனுப்ப வேண்டிய ஒரு தேதியும், படித்துச் சொல்ல ஓர் ஆளும் அவர்களுக்கு இருந்தன. ‘உந்துதல்’ என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதன் முக்கால் பங்கு இந்த மூன்றும்தான்.

ஐந்து பவுண்டு காப்பி

இங்கிலாந்து நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் தபால் இலாகாவில் முழுநேர வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதினார். அப்படியே நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை முடித்தார். அவருடைய மனவுறுதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவர் தன் சுயசரிதையில் நன்றி சொல்வதோ வீட்டு வேலைக்காரர் ஒருவருக்கு. காப்பி கொண்டுவந்து எழுப்பிவிட அவருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றியில் வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக ட்ரோலப் எழுதியிருக்கிறார். அத்தனை கட்டுப்பாடு உள்ளவருக்கே எழுப்பிவிட ஓர் ஆள் தேவைப்பட்டது.

எழுபதைத் தாண்டிய பிறகு

ஆள் காத்திருந்தால் மட்டும் போதுமா? எழுத வேண்டிய விஷயமும் உள்ளே இருக்க வேண்டும். இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

சிலாங்கூர் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் வாழ்ந்த அ. ரெங்கசாமி 1930இல் பிறந்தவர், தமிழாசிரியர். அவருடைய ‘புதியதோர் உலகம்’ நாவல் 1993இல் வெளிவந்தது. ‘லங்காட் நதிக்கரை’, ‘நினைவுச் சின்னம்’, ‘இமையத் தியாகம்’ ஆகியவை அவர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு வந்தவை. ‘நினைவுச் சின்னம்’ சயாம் மரண ரயிலைப் பற்றியது. ஜப்பானியர் காலத்தில் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ‘இமையத் தியாகம்’ நேதாஜியின் படையில் சேர்ந்த மலாயாத் தமிழர்களின் கதை. 2014இல் அவருக்கு வல்லினம் விருது கிடைத்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிம்மதியாக நாளிதழ் படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் எழுதினார். அந்தத் தலைமுறை போய்விட்டால் அந்த வாழ்க்கையும் சேர்ந்து போய்விடும். ‘இதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?’ என்று கேட்டுப் பார்க்கும்படியான ஒரு விஷயம் உங்களிடமும் இருக்கும். அதுதான் தீராத ஊற்று.

பிரிக்பீல்ட்ஸில் நாலு பேர்

நாங்கள் நாலு பேர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுகிறோம். விதி ஒன்றுதான்: எழுதிய இரண்டு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வருகிறவர் அன்றைக்கு நாலு பேருக்கும் பசியாறக் காசு கட்ட வேண்டும். வெள்ளி கையைவிட்டுப் போகும் என்றால் கற்பனை எப்படியோ ஊறிவிடுகிறது!

எங்களில் ஒருவர் கிள்ளானில் தாதி. மூன்று ஷிப்ட் வேலை. தன் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தைக் கதையாக எழுதினார். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் கதையைத் தன் குரலில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுநாள் அம்மாவிடமிருந்து பதில் குரல்பதிவு வந்தது.

“பெரட்டுக்கு ஏழு மணிக்குப் போனோம்னு யாரு சொன்னா? விடியறதுக்கு முன்னாடியே நிப்போம். ராத்திரி மழை பேஞ்சு மரம் நனைஞ்சிருந்தா அன்னிக்கு வெட்டு கிடையாது. அன்னிக்குச் சம்பளமும் கிடையாது. அத எழுதலியே நீ?”

தாதி அந்தக் கதையைத் திருத்தி எழுதினார். மழை பெய்த இரவில் அப்பாவும் அம்மாவும் தூங்காமல் கூரைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி அதில் புதிதாக வந்தது. கதையிலேயே சிறந்த இடம் அதுதான். இப்போது அம்மாவே, “அடுத்த கதை எப்ப அனுப்புவ?” என்று கேட்கிறாராம். இரவு ஷிப்ட் முடிந்த களைப்பிலும் அவர் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்வி.

செய்து பாருங்கள்

* ஒரு நாளைக்கு இருநூறு சொற்கள் போதும். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமூட்டரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. கைப்பேசியில் இருநூறு சொற்களுக்கு அது தாராளம்.

* கார் ஓட்டுபவரா? வீடு வந்து காரை நிறுத்தியதும் இறங்காமல் ஐந்து நிமிடம் கதையை வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பேச்சில் வரும் உயிர் பல நேரம் எழுத்தில் வருவதில்லை. வானொலிக்காரியின் அனுபவம் இது.

* அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். ஹெமிங்வே சொன்ன வழி. மறுநாள் வெற்றுத் தாளின் முன் விழிக்க வேண்டியதில்லை.

* வாசிக்கப்போகிற ஒருவருக்கு இன்றே தேதி சொல்லிவிடுங்கள். ஆயிரம் ‘லைக்’ வேண்டாம். “என்னாச்சு, இன்னும் வரலியே?” என்று கேட்கிற ஒருவர் போதும்.

எழுதாதவர்களுக்கும் வேலை உண்டு

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. கதை வகுப்பு நடத்திய பத்திரிகையே இன்று இல்லை. காத்திருக்கும் முகவரிகள் ஒவ்வொன்றாகக் குறையும்போது, அந்த வேலையை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் எழுதுகிற பிள்ளையோ தம்பியோ மனைவியோ இருந்தால் “நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். எந்த இடம் புரியவில்லை என்று சொல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் திருத்தட்டும். அதற்குப் பிறகு மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: “அடுத்தது எப்போ?”