வட்டமெல்லாம் விண்கல் பள்ளமா?

பெரிய விண்கல் ஒன்று வேகம் குன்றாமல் நிலத்தில் மோதினால், அம்மோதலின் ஆற்றல் வெடியாக மாறி, கல்லைக் காட்டிலும் பன்மடங்கு அகலமான பள்ளத்தைத் தோண்டிவிடுகிறது. கல் சாய்ந்து வந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டமாகவே அமையும். ஏனெனில், அதனைத் தோண்டுவது கல்லின் முனையன்று. நாற்புறமும் ஒருசேரப் பரவும் அதிர்ச்சி அலையே.

இவ்வட்டங்களைத் தேடுவதற்குச் செயற்கைக் கோள் படங்கள் பெருந்துணை புரிகின்றன. பள்ளத்தின் கரைமேடு, தரையில் நிற்பவனுக்கு ஏதோ ஒரு குன்றாகத்தான் தோன்றும். மேலிருந்து நோக்கினாலோ முழு வட்டமும் ஒரே பார்வையில் அகப்படும். சென்டினல்-2 என்னும் கோளின் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டரைக் குறிக்கும். மகாராஷ்டிரத்து லோனார் ஏரிப் பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், படத்தில் அது 180 புள்ளி அகலம். விலையின்றிக் கிடைக்கும் இப்படங்களை விடுதி அறையில் இருந்தபடியே நாம் ஆராயலாம்.

ஆனால், வட்டத்தைக் கண்டதும் "விண்கல்!" என்று கூவிவிடலாமா? கூடாது என்பதற்கு ஆப்பிரிக்காவின் மௌரிட்டானியா நாட்டில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள ரிசாட் என்னும் வளைய அமைப்பு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமுடையது. 1965-இல் ஜெமினி-4 விண்வெளி வீரர்கள் அதனைப் படம் எடுத்தனர். விண்கல் மோதிய இடமென்றே முதலில் பலர் கருதினர். பின்னர், கீழிருந்து மேலெழுந்த பாறைக் குவிமாடம் அரிப்புற்று, அதன் அடுக்குகள் வளையங்களாக வெளிப்பட்டன என்பது தெளிவாயிற்று. எரிமலை வாயும் உப்புக் குவிமாடமும்கூட இவ்வாறே கண்ணை ஏமாற்றும்.

அப்படியானால் மெய்யான சான்று எது? மோதலின் கடும் அழுத்தம் பாறைக்குள் விட்டுச் சென்ற வடுவே சான்று. லோனார் எரிமலைப் பாறையில் அமைந்ததாதலால், அதனை எரிமலை வாய் என்றே பலர் எண்ணினர். அங்கே எடுத்த பாறையில், பெல்ஸ்பார் என்னும் கனிமம் உருகாமலே கண்ணாடித் தன்மை அடைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டு, 1973-இல் வெளியிட்ட பின்னரே விண்கல் கொள்கை வலுவாக நிலைபெற்றது.

மத்தியப் பிரதேசத்தின் டாலா பள்ளமோ இதற்கு மறுதலை. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் அகலமிருந்தும், 170 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதாகையால் அதன் கரைமேடு தேய்ந்தழிந்துவிட்டது. குவார்ட்ஸ் படிகங்களில் நுண்ணோக்கி காட்டிய இணைகோடுகளே அதனை நமக்கு உணர்த்தின. வட்டம் இருந்தும் விண்கல் இல்லை, ரிசாட்டில். வட்டம் மங்கியும் விண்கல் உண்டு, டாலாவில்.

ஆகவே தோழர்களே, படத்தில் ஒரு வட்டம் கண்டால் மகிழுங்கள். உடனே செய்தித்தாளுக்கு எழுதிவிடாதீர்கள். அது வெட்டிய ஏரியா, கல்லுடைத்த குழியா என்று முதலில் பாருங்கள். அவ்விடத்து நிலவியல் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு சுத்தியலும் பையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். செயற்கைக் கோள் நமக்குக் காட்டுவது போக வேண்டிய இடத்தைத்தான்; அங்கே நடந்தது என்ன என்பதைக் கல்லிடமே கேட்டறிய வேண்டும்.