சிறைவாசியின் முப்பது நாள்கள்

தீர்ப்பு தமக்கு மாறாக அமையுமாயின் மேல்முறையீடு செய்யும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆயினும் அவ்வுரிமைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க நாட்டின் மத்திய நீதிமன்றங்களில், உரிமையியல் வழக்குகளுக்கு அது 30 நாள்கள். மத்திய அரசே ஒரு தரப்பாயிருப்பின் 60 நாள்கள். வெளியே நடமாடுவோர்க்கு இக்கெடு பெரும் இடரன்று. இறுதி நாளன்றுகூட விரைந்து சென்று, நீதிமன்ற எழுத்தரிடம் தாளைக் கொடுத்து முத்திரை பெற்றுவிடலாம். வழக்கறிஞரின்றித் தாமே வழக்காடும் சிறைவாசி என் செய்வார்?

1986-ஆம் ஆண்டில், டென்னசி மாநிலச் சிறைவாசி ஒருவரின் வழக்கில் இவ்வினா எழுந்தது. அவர் தாக்கல் செய்திருந்தது ஆட்கொணர்வு மனு. (குற்றத் தண்டனையை எதிர்ப்பதாயினும் இவ்வகை மனு உரிமையியல் வழக்காகவே கொள்ளப்படும்.) சனவரி 7 அன்று அது தள்ளுபடியாயிற்று. பிப்ரவரி 3 அன்று, அதாவது 27-ஆம் நாளில், மேல்முறையீட்டு அறிவிப்பை எழுதிச் சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். சிறையின் அஞ்சற் பதிவேட்டிலும் அந்நாள் பதிவாயிற்று. நீதிமன்ற எழுத்தரின் முத்திரை விழுந்ததோ பிப்ரவரி 7 அன்று. 31-ஆம் நாள்! ஒரே நாள் பிந்தியமையால் அவரது முறையீடு ஏற்கப்படவில்லை.

ஹூஸ்டன் எதிர் லாக் எனும் இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1988 ஜூன் 24 அன்று, ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், நீதியரசர் பிரெனன் தீர்ப்பெழுதினார். சிறை அதிகாரியிடம் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள் என்பது அதன் சாரம். சிறைவாசி தம் கடிதத்தைப் பின்தொடர்ந்து செல்லவியலாது. அது சேர்ந்ததா எனக் கேட்டறியவும் இயலாது. அன்றியும், அவ்வழக்கின் எதிர்த்தரப்பினர் யார்? சிறைக் கண்காணிப்பாளரே! எதிரியின் கையில் தாளைக் கொடுத்தனுப்பிவிட்டு, அவர் தாமதித்தால் அனுப்பியவரைத் தண்டிப்பது எவ்வகை நீதி?

மாறுபட்ட நீதியரசர் ஸ்காலியாவுங்கூட இவ்விதி நல்லதே என ஒப்பினார். ஆயின் விதித் திருத்தத்தின் வாயிலாக அதைச் செய்ய வேண்டுமேயன்றி, பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் கற்பித்தல் ஆகாது என்றார். தள்ளத்தக்க வாதமன்று அது. 1993-இல் விதியும் அவ்வாறே எழுதப்பட்டது. கெடு முடியுமுன் சிறையின் உள் அஞ்சலில் தாளைச் சேர்த்தல் வேண்டும். நீதிமன்றக் கடிதங்களுக்கெனத் தனி ஏற்பாடு இருப்பின் அதனையே பயன்படுத்தல் வேண்டும். சேர்த்த நாளையும் அஞ்சற்கட்டணம் செலுத்தப்பெறுவதையும் உறுதிமொழியாக எழுதி உடன் இணைத்தல் நன்று. நான்கு வரிகள்தாம், எனினும் எழுத்தறிவு குறைந்தவர்க்கு அவை நான்கு மலைகள்.

இவ்விதி தாள் வெளியே செல்லும் வழியைக் காக்கின்றது. தீர்ப்பு உள்ளே வரும் வழியை அன்று. தீர்ப்பின் செய்தி உரிய காலத்தில் கிட்டாதவர், கெடுவை 14 நாள்களுக்கு மீண்டும் திறக்குமாறு வேண்டலாம். ஒகையோ மாநிலச் சிறைவாசி ஒருவருக்கு, 2004-இல் நீதிபதியே தவறுதலாக 17 நாள்கள் அளித்துவிட்டார். அதனை நம்பி 16-ஆம் நாளில் மேல்முறையீடு தாக்கலாயிற்று. 2007-இல் உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐவருக்கு நால்வராய், அது செல்லாதென்றது. சட்டமன்றம் விதித்த கெடுவை நீதிபதியின் பிழையும் நீட்டாதாம். சட்டம் அறிந்தோர் இதற்கு விளக்கம் கூறக்கூடும். என் மனம் ஏற்க மறுக்கிறது.

2025-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று வந்த தீர்ப்பு சற்று ஆறுதலளிக்கிறது. வேறு சிறைக்கு மாற்றப்பட்ட ஒருவருக்குத் தீர்ப்பு ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்தே கிட்டியது. உடனே அவர் மேல்முறையீட்டு அறிவிப்பை அனுப்பினார். பின்னர் நீதிமன்றம் கெடுவை மீண்டும் திறந்தபோது இரண்டாம் அறிவிப்பு எதனையும் அனுப்பவில்லை. அதுவே குற்றமாகக் கொள்ளப்பட்டு முறையீடு தள்ளப்பட்டிருந்தது. முதல் அறிவிப்பே போதுமென்று எண்மருக்கு ஒருவராய் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. எதிர்த்தரப்பாயிருந்த அரசும் இக்கருத்தில் அவரோடு உடன்பட்டிருந்தது.