நகை போனால் மீட்கலாம், மாடு போனால்?

எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு கால் வயலில், ஒரு கால் கம்பெனியில். அப்பா நெல்லைப் பார்ப்பார். பிள்ளை சிப்காட்டுக்கு ஷிப்டு போவான். மழை ஏமாற்றினால் சம்பளம் தாங்கும், வேலை போனால் நெல் மூட்டை தாங்கும். "ரெண்டும் ஒரே நேரத்திலயா போயிடும்?" என்பாள் என் ஓர்ப்படி.

2020 மார்ச் கடைசியில் போய்த்தான் விட்டது. ஊரடங்கில் கம்பெனிகள் கதவடைத்தன. வயலில் நவரை முற்றி நிற்கிறது, அறுப்புக்கு ஆளில்லை. கோயில் மூடல், கல்யாணம் கிடையாது. மல்லிகைக்குப் பறிகூலிகூடக் கட்டவில்லை. மே மாதம் கோயம்பேட்டையும் மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கு மாற்றினார்கள்.

இப்படி அடி விழும்போது வீட்டில் எது முதலில் குறைகிறது தெரியுமா, சகோதரிகளே? குழந்தையின் பால் டம்ளர். அந்தப் பாலும் சொசைட்டிக்குப் போய்விடும். அப்புறம் பருப்பு தண்ணீராகும். அப்புறம் நம் ராத்திரிச் சாப்பாடு. "எனக்குப் பசியில்லை" என்று சொல்லத்தான் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாமே! பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளும் இதையே சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். கொல்லையில் முருங்கைக்கீரை இருக்கிறது, கேழ்வரகுக் கூழ் இருக்கிறது. வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

அடுத்து நகையா, மாடா என்று வரும். எங்கள் தெருவில் ஒருத்தி நகைக்கு ஆசைப்பட்டு மாட்டை விற்றாள். ஊரே விற்கிற நேரம், அடிமாட்டு விலைதான் கிடைத்தது. மழை பெய்து எல்லாரும் வாங்கப் போனபோது அதே மாதிரி மாடு ஒன்றரைப் பங்கு விலை. நடுவில் பால் போச்சு, எரு போச்சு, ஒரு கன்றும் போச்சு. இன்னும் அவளால் வாங்க முடியவில்லை. சங்கிலி பீரோவில் இருக்கிறது.

நகையை வைப்பதானாலும் இடம் பார்த்து வையுங்கள். அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும்; வருஷத்துக்கு 24 ரூபாய் ஆகிறதே! கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி குறைவு. 2021-ல் அரசு 5 பவுன் வரை நகைக் கடனைத் தள்ளுபடி செய்ததும் கூட்டுறவில் வைத்தவர்களுக்குத்தான், அதிலும் நிபந்தனைகள் உண்டு. அப்படி ஒன்று மறுபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். தவணைத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ரசீதை ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.