ஸ்கோர் எவ்வளவு? – நுரையீரல் படம் சொல்வதும் சொல்லாததும்

புனேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில், இராணுவக் கிடங்குகளைச் சுற்றி வளர்ந்த ஊர் தேஹு ரோடு. பணி நிமித்தம் வந்து தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வூர் அமைந்த புனே மாவட்டம் இரு பெருந்தொற்றுகளைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. எச்1என்1 பன்றிக் காய்ச்சலால் இந்தியாவின் முதல் உயிரிழப்பு, 2009 ஆகஸ்ட் 3 அன்று புனேயில் நிகழ்ந்தது. மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகளும், 2020 மார்ச் 9 அன்று புனேயிலேயே கண்டறியப்பட்டனர். இரு நோய்களிலும் உயிருக்கு உலை வைத்தது பெரும்பாலும் நுரையீரல் அழற்சியாகிய நிமோனியாவே. 2021இன் இரண்டாம் அலையில், நோயுற்றோர் இல்லங்களில் நலம் விசாரிப்போர் முதலில் கேட்ட கேள்வி, “ஸ்கோர் எவ்வளவு?” என்பதாக இருந்தது.

நாம் மருத்துவர்கள் அல்லோம், எண்களோடு பழகியவர்கள். ஓர் எண்ணை நம்புமுன் அது எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று கேட்பது நம் தொழிற்பழக்கம்.

நலமான நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால், எக்ஸ்ரே படத்தில் அது கருமையாகத் தெரியும். வைரஸ் தாக்கிய நுண்ணிய காற்றறைகளில் நீர் கசிந்து அழற்சி பரவும்போது, சி.டி. ஸ்கேனில் அப்பகுதி உரைத்த கண்ணாடி போல் மங்கி வெளுக்கிறது. காற்றறைகள் முற்றிலும் நிரம்பிவிட்டால் அடர்ந்த வெண்மையாகிறது. வலப்புறம் மூன்று, இடப்புறம் இரண்டு என நுரையீரலுக்கு ஐந்து மடல்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்பதற்கேற்ப 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால், 25க்கு ஒரு ‘ஸ்கோர்’ கிடைக்கிறது. 40க்குக் கணக்கிடும் முறையும் உண்டு. ஆகவே ‘பத்து’ என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனைக்குப் பத்து என்பதையும் அறிய வேண்டும்.

இந்த எண், கணக்குப் புத்தகத்தில் ஒரு நாளின் இருப்புத்தொகை போன்றது. கொரோனாவில் நுரையீரல் மாற்றங்கள் பெரும்பாலும் அறிகுறி தொடங்கிப் பத்தாம் நாளையொட்டியே உச்சமடைகின்றன. இரண்டாம் நாளில் எடுத்த ஸ்கேன் தெளிவாக இருக்கலாம். அந்த நிம்மதியில் வீட்டிலேயே இருந்துவிடுவோருக்கு, ஆறேழு நாட்களில் மூச்சுத்திணறல் வரலாம். ஆக்ஸிஜன் அளவோ, வீட்டிலேயே அன்றாடம் பார்க்கக்கூடியது. அது 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ, சிறிது நேர நடைக்குப் பின் சரிந்தாலோ, ஸ்கேனுக்குக் காத்திராமல் மருத்துவமனையை நாடுவதே முறை.

கதிர்வீச்சையும் கருத வேண்டும். லேசான நோய்க்கு ஸ்கேன் வேண்டாம் என 2021 மே மாதத்தில் வலியுறுத்திய அன்றைய தில்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா, ஒரு ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். நவீனக் கருவிகளில் அளவு மிகக் குறைவு என்று இந்தியக் கதிரியக்கவியல் சங்கம் மறுத்தது. எவ்வாறாயினும், மருத்துவர் எழுதித் தராத ஸ்கேன் தேவையற்றது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். நோய் கடுமையாகும்போதும், மூச்சுத்திணறலுக்கு வேறு காரணம் உண்டோ என்னும் ஐயம் எழும்போதும் அதே ஸ்கேன் பேருதவி புரிகிறது. தீவிர சிகிச்சையில் இருப்போருக்குப் படுக்கையருகிலேயே எடுக்கும் எக்ஸ்ரேயும் துணைநிற்கிறது.

செலவும் சிறிதன்று. 2020 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு, கருவியின் திறனுக்கேற்ப மார்பு ஸ்கேனுக்கு ரூ.2,000, ரூ.2,500, ரூ.3,000 என உச்சவரம்பு விதித்தது. குடும்பத்தில் நால்வருக்கு முன்னெச்சரிக்கையாக எடுத்தாலே பத்தாயிரத்தை நெருங்கும். பல மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களின் பரிசோதனைச் செலவையும் ஏற்கின்றன. எனவே வாடிக்கையாளர்கள் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, ரசீது, அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்தே பாதுகாத்தல் நலம்.

படத்தையும் குறுந்தகட்டையும் குணமானவுடன் எறிந்துவிட வேண்டாம். பலருக்கு அந்த வெண்மை வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடுகிறது; சிலருக்குத் தழும்பாகத் தங்குகிறது. எது மறைந்தது, எது தங்கியது என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டே மருத்துவர் உறுதியாகக் கூற இயலும்.